சிஆர்எம் அப்டேட் வந்தால் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

போன வருடம் ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலை ஏழே கால். குளித்துவிட்டு வந்து பார்த்தால் போனில் பதினோரு மிஸ்டு கால். எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. கோவையில் பம்பும் மோட்டாரும் விற்கும் ஒரு குடும்ப நிறுவனத்தின் முதலாளி. அவர்களுக்கு சிஆர்எம் மென்பொருள் (வாடிக்கையாளர் விவரமும் விற்பனையும் பதிந்து வைப்பது) அமைத்துக் கொடுத்ததும், இன்றுவரை பார்த்துக்கொள்வதும் நான்.

"தம்பி, நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு மேல நம்ம பழைய கஸ்டமருக்கெல்லாம் 'எங்களைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி'ன்னு வாட்ஸ்அப் போயிருக்குதுங்க. அன்னூர்ல இருந்து ஒரு பையன் கூப்பிட்டான். அவங்கப்பா தவறி மூணு மாசம் ஆச்சாம். அவரு போனை அம்மாதான் வச்சிருக்காங்க. அந்தம்மாவுக்கு, அவரு பேரைப் போட்டு வரவேற்பு மெசேஜ் போயிருக்குது."

வைரஸ், ஹேக்கர் என்று யார் மீதும் பழி போட வழியில்லை. முந்தின நாள் மாலை, அப்டேட்டில் வந்திருந்த ஒரு புது வசதியை ஆசையாக ஆன் செய்தது நான்தான்.

பழைய ஒர்க்ஃப்ளோ விதிகளை, அதாவது 'இது நடந்தால் இதைத் தானாகச் செய்' என்ற விதிகளை, புதிய ஆட்டோமேஷன் பகுதிக்கு ஒரே கிளிக்கில் மாற்றித் தரும் வசதி அது. பழைய விதி எளிமையானது: புதிதாக ஒரு லீட் (வாங்கலாம் என்று விசாரிப்பவர்) பதிவானால் மூன்று வாட்ஸ்அப் மெசேஜ் போக வேண்டும். வரவேற்பு, விலைப்பட்டியல் பிடிஎஃப், ஷோரூம் இருக்கும் இடத்தின் மேப். புதிய பகுதியில், விதி எப்போது ஓட வேண்டும் என்பதற்கு மூன்று தேர்வுகள் இருந்தன: பதிவு உருவாகும்போது, பதிவு திருத்தப்படும்போது, இரண்டிலும். மூன்றாவதில் புள்ளி விழுந்திருந்தது. அதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். விடுபட்டுப்போன லீட் யாராவது இருந்தால் அவர்களுக்கும் போகட்டுமே என்று விட்டுவிட்டேன். அன்று இரவு அவர்கள் அலுவலகத்துப் பெண், நான் சொல்லித்தான், பின்கோடை வைத்து மாவட்டம் என்ற கட்டத்தை மொத்தமாக நிரப்பினார். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பதிவுகள். ஒவ்வொன்றும் 'திருத்தப்பட்ட' பதிவு ஆனது. ஒவ்வொருவருக்கும் மூன்று மெசேஜ்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 1 முதல் வாட்ஸ்அப் பிசினஸ் கட்டண முறை மாறியது. அதற்கு முன்பு ஒரு வாடிக்கையாளரோடு 24 மணி நேர உரையாடலுக்கு ஒரு கட்டணம். அதே வகையில் மூன்று மெசேஜ் போனாலும் ஒரே கணக்கு. இப்போது, போய்ச் சேரும் ஒவ்வொரு டெம்ப்ளேட் மெசேஜுக்கும் (முன்கூட்டியே எழுதி வாட்ஸ்அப்பிடம் ஒப்புதல் வாங்கியது) தனித்தனிக் கட்டணம். அதாவது இந்த மூன்று மெசேஜ் விதி, யாரும் அதைத் தொடாமலேயே, ஜூலை முதல் தேதியிலிருந்து மும்மடங்கு செலவு வைத்துக்கொண்டிருந்தது. அந்த இரவு பில் ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய். அதைவிடப் பெரிய நஷ்டம், தூக்கத்தில் எழுந்த கடுப்பில் பலர் அந்த எண்ணை பிளாக் செய்ததும் ரிப்போர்ட் அடித்ததும். அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் தரும் தரக் குறியீடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. மறுபடி பச்சையாகும்வரை ஆடித் தள்ளுபடி மெசேஜைக்கூட அனுப்பப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதலாளிக்கு பில் ஒரு பொருட்டே இல்லை. "காசு போகட்டுங்க தம்பி. அந்த வீட்டு வாசல்ல நான் எப்படிப் போய் நிக்கறது?" என்றார்.

இதற்கப்புறம் எந்த சிஆர்எம்மில் அப்டேட் வந்தாலும் ரிலீஸ் நோட்ஸை, அதாவது என்னென்ன மாறியது என்ற குறிப்பை, கடைசியிலிருந்துதான் படிக்கிறேன். முதல் பக்கங்களில் எல்லாம் ஜொலிக்கும்: ஏஐ உதவியாளர், புது டாஷ்போர்டு, கலர் கலரான கான்பன் பலகை. அவற்றை நாம் ஆன் செய்யாவிட்டால் குடி முழுகிப்போகாது. எது நிற்கப்போகிறது, எது தானாக ஆன் ஆகப்போகிறது, எந்தத் தேதிக்குள் எதை மாற்ற வேண்டும் என்பது கடைசியில், சின்ன எழுத்தில், படமே இல்லாமல் இருக்கும். நம் வேலை அங்கேதான்.

சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற பிரபல சிஆர்எம்மை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு மூன்று பெரிய வெளியீடு: ஸ்பிரிங், சம்மர், விண்டர். வேண்டாம் என்று ஒதுங்க முடியாது, எல்லாருக்கும் வந்துவிடும். அதில் ஒர்க்ஃப்ளோ ரூல், பிராசஸ் பில்டர் என்ற பழைய ஆட்டோமேஷன் வசதிகள் இரண்டுக்குமான ஆதரவு 2025 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. பழைய விதிகள் இன்னும் ஓடத்தான் செய்கின்றன. ஆனால் பழுதானால் சரிசெய்துதர ஆள் கிடையாது. எல்லாவற்றையும் ஃப்ளோ என்ற புதிய வசதிக்கு மாற்றுங்கள் என்கிறார்கள், மாற்றித் தரும் கருவியும் கொடுத்திருக்கிறார்கள். கருவி விதியை மாற்றித் தரும். அந்த விதியை அன்று எதற்காக எழுதினோம் என்பது அதற்குத் தெரியாது. அது எழுதியவர் தலைக்குள் இருக்கிறது, பல இடங்களில் எழுதியவரே வேலையை விட்டுப் போயிருப்பார். ஜோஹோ போன்றவற்றில் புது வசதிகள் கட்டம் கட்டமாகத் திறக்கப்படும். பக்கத்துக் கடைக்காரருக்கு வந்த பட்டன் உங்களுக்கு வர இன்னும் சில வாரம் ஆகலாம். "எனக்கு மட்டும் ஏன் வரலை?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். வராதது நல்லதுதான் சார், முதலில் வந்தவர் கதையைக் கேட்டுவிட்டு நாம் ஆன் செய்யலாம்.

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். இது நேற்று முளைத்ததில்லை. சேல்ஸ்ஃபோர்ஸில் ஐன்ஸ்டைன் 2016இல் வந்தது, ஜோஹோவில் ஜியா 2017இல். எந்த லீட் வாங்கும், எந்த லீட் வாங்காது என்று மதிப்பெண் போடுவது இவற்றின் பழைய வேலை. பழைய டீல்களில் எது ஜெயித்தது, எது தோற்றது என்று பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. நம் ஊர் விற்பனையாட்கள் தோற்ற டீலை மூடவே மாட்டார்கள். மேனேஜர் கேட்பாரே என்ற பயம். ஜெயித்த டீலையோ, ஆர்டர் கையில் வந்த பிறகுதான் உட்கார்ந்து பதிவார்கள். உருவான தேதியும் முடிந்த தேதியும் ஒரே நாள். இதை வைத்துக் கற்றுக்கொண்ட இயந்திரம் என்ன சொல்லும்? இன்று பதிவான லீட் எல்லாம் தங்கம், ஒரு வாரம் ஆனதெல்லாம் குப்பை என்றது. போர்வெல் மோட்டார் வாங்குபவர் மூன்று மாதம் யோசிப்பார் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

அழைப்பைக் கேட்டுச் சுருக்கம் எழுதும் வசதி இன்னும் வேடிக்கை. ஒரு விவசாயி டெலிகாலரிடம் கொட்டேஷனைக் கேட்டுக்கொண்டு, கடைசியில் "சரிங்க, பாத்து சொல்றேனுங்க" என்று போனை வைத்திருக்கிறார். சுருக்கம் இப்படி வந்தது: வாடிக்கையாளர் ஆர்வமாக உள்ளார், பரிசீலித்து விரைவில் முடிவைத் தெரிவிப்பார். கொங்கு நாட்டில் 'பாத்து சொல்றேனுங்க' என்றால் அநேகமாக வேண்டாம் என்று பொருள் என்பது எங்கள் டெலிகாலருக்குத் தெரியும். ஆனால் திரையில் 'ஆர்வமாக உள்ளார்' என்று பார்த்ததும், அந்தப் பெண்ணே மூன்று முறை ஃபாலோ அப் அழைத்திருக்கிறார். தன் காதால் கேட்டதைவிட, எழுத்தில் வந்ததை நம்பிவிட்டார். இந்த வசதியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் ஒரு மாதம் சுருக்கத்தையும் ஒலிப்பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருபது அழைப்பாவது கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று பிடிபட்டுவிடும்.

எரிச்சலூட்டும் மாற்றங்கள் சில உண்டு, அவற்றைத் திட்டாமல் படிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ், முறையாக நிறுவப்படாத வெளி ஆப்களின் இணைப்பைக் கட்டுப்படுத்தியது. "நேத்து வரைக்கும் ஓடிச்சே" என்று ஏகப்பட்ட புலம்பல். காரணம் இருந்தது. ஐடி துறையிலிருந்து பேசுவதாகப் போனில் சொல்லி, ஊழியரையே ஒரு குறியீட்டைத் தட்டவைத்து, சேல்ஸ்ஃபோர்ஸில் தரவை ஏற்றி இறக்கும் டேட்டா லோடர் போலத் தோன்றும் போலி ஆப்பை இணைத்து, வாடிக்கையாளர் தரவை மொத்தமாக இறக்கும் கும்பலைப் பற்றி கூகுளின் பாதுகாப்புப் பிரிவு அந்த ஜூனில் எச்சரித்தது. அதே மாதம் கூகுளே அதில் மாட்டியது. ஆகஸ்டில் இன்னொன்று: சேல்ஸ்லாஃப்ட் டிரிஃப்ட் என்ற சாட் ஆப்பின் அனுமதிச் சாவிகள் திருடு போய், அதை இணைத்திருந்த நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் தரவுக்குள் புகுந்தார்கள். கிளவுட்ஃபிளேர், ஜீஸ்கேலர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பாதுகாப்பையே தொழிலாக விற்பவர்கள் கதியே இது. யாருடைய பாஸ்வேர்டையும் உடைக்கவில்லை, ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்த அனுமதியைத்தான் பயன்படுத்தினார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த கையோடு என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரிடமும் இணைந்துள்ள ஆப்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒரு இடத்தில், வேலையை விட்டுப்போய் இரண்டு வருடமான ஒருவர் இணைத்த எக்செல் ஏற்றுமதி ஆப், தினமும் இரவு இரண்டு மணிக்கு மொத்தப் பட்டியலையும் எங்கேயோ எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவர் அன்றைக்கு ஒரு ரிப்போர்ட்டுக்காக வைத்தது. அது யாருக்கும் தெரியாது என்பதுதான் பயம். உங்கள் சிஆர்எம்மிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கும். போய்ப் பாருங்கள், பத்து நிமிடம் ஆகாது.

சம்மதப் பதிவு (வாடிக்கையாளர் தன் விவரத்தைப் பயன்படுத்தச் சம்மதித்தாரா என்று குறிப்பது) என்று ஒரு புதிய பகுதியைப் பல மென்பொருள்கள் இப்போது காட்டுகின்றன. இதை ஒதுக்காதீர்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கண்காட்சி ஸ்டாலில் வாங்கிய விசிட்டிங் கார்டுகளை அப்படியே ஏற்றி வைத்திருப்பவர்கள், எந்த எண் எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தையாவது இப்போதே நிரப்ப ஆரம்பிக்கலாம்.

சரி, நான் இப்போது எப்படிச் செய்கிறேன் என்று கேட்டால், பெரிய வித்தை ஏதுமில்லை. சாண்ட்பாக்ஸ், அதாவது சோதித்துப் பார்க்கத் தனியாக ஒரு நகல், இருந்தால் அதில் முதலில். அதிலும் ஒரு பொறி உண்டு: சேல்ஸ்ஃபோர்ஸில் புதிதாக எடுத்த சாண்ட்பாக்ஸிலிருந்து மின்னஞ்சல் வெளியே போகாதபடி பூட்டு இருக்கும், ஆனால் வாட்ஸ்அப் இணைப்புக்கு அந்தப் பூட்டு கிடையாது. அதனால் இணைப்பை நானே கழற்றிவிடுவேன். சின்னப் பதிப்பு வாங்கியவர்களிடம் சாண்ட்பாக்ஸே இருக்காது. அங்கே என் எண், என் மனைவியின் எண், தம்பியின் எண் போட்ட மூன்று பொய் வாடிக்கையாளர்களை வைத்துச் சோதிக்கிறேன். ஒரு பதிவை உருவாக்கி, திருத்தி, மறுபடி திருத்தி, எத்தனை மெசேஜ் வருகிறது என்று எண்ணுவேன். மொத்தமாக எதையாவது நிரப்புவதற்கு முன் எல்லா ஆட்டோமேஷனும் ஆஃப். வெள்ளிக்கிழமை மாலையில் எதையும் ஆன் செய்வதில்லை; மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் சொல்லவே வேண்டாம்.

அன்னூர்ப் பதிவை அழிக்கவில்லை. பெயருக்கு எதிரே 'தொடர்பு வேண்டாம்' டிக் போட்டாயிற்று. கீழே குறிப்பில், அந்த வார ஞாயிற்றுக்கிழமை தேதியிட்டு, "நேரில் போய் வந்தேன்" என்று முதலாளி தன் கையால் தட்டி வைத்திருக்கிறார். போன மாத அப்டேட்டில், பதிவின் மேலேயே ஏஐ சுருக்கம் காட்டும் கட்டம் ஒன்று வந்தது. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, "விற்பனை வருகை முடிந்தது, அடுத்த ஃபாலோ அப் நிலுவையில் உள்ளது" என்று காட்டியது. அந்த நிறுவனத்துக்கு அதை அன்றே ஆஃப் செய்துவிட்டேன்.