டப்பாவில் போட்டிருக்கும் புரதம் உள்ளே இருக்கிறதா?

2008-இல் சீனாவில் பால்பவுடர் குடித்த கைக்குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல் வந்தது. 6 குழந்தைகள் இறந்தார்கள், ஏறக்குறைய 3 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைவதை மறைக்க, பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். அது சோதனையில் எப்படித் தப்பியது?

அப்போது வழக்கத்தில் இருந்தது, டென்மார்க்கின் யோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை. மாதிரியைச் செறிந்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, பாலாக இருந்தால் 6.38-ஆல் பெருக்குவார்கள். வருவதுதான் புரத அளவு. நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று இந்த முறை கேட்பதில்லை. புரதத்தில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம், மெலமைனிலோ 66 சதவீதத்துக்கும் மேல். மூட்டையை எடைபோட்டுவிட்டு உள்ளே அரிசிதான் என்று நம்புவதைப் போன்ற சோதனை இது.

தாய்ப்பால் இல்லாத குழந்தைக்குப் பல மாதங்கள் இந்தப் பவுடர் ஒன்றுதான் உணவு. ஆகவே புரதத்தின் மொத்த அளவை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகள் கோத்த சங்கிலி. இன்றியமையாத ஒவ்வொரு அமினோ அமிலமும், அதே கலோரிக்குத் தாய்ப்பாலில் இருக்கும் அளவாவது இருக்க வேண்டும் என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை. அதற்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

முதலில் புரதச் சங்கிலியை அறுக்க வேண்டும். பவுடரைக் கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, 110 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பார்கள். சிக்கலே இங்குதான். அந்த அமிலச் சூட்டில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் அழிந்துவிடுகிறது, அதனால் அதற்கென்று இன்னொரு மாதிரியை, அமிலத்துக்கு நேரெதிரான காரக் கரைசலில் வேகவைக்கிறார்கள். சிஸ்டீன், மெத்தியோனின் என்ற வேறு இரண்டும் ஓரளவு சிதையும். அவற்றை முன்கூட்டியே ஆக்சிஜனேற்றம் செய்து, அமிலத்தைத் தாங்கும் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆக, ஒரே பவுடருக்கு மூன்று தனிச் சமையல்!

அப்புறம் கரைசல் நீண்ட குழாய் ஒன்றின் வழியே போகும். உள்ளே நிரப்பியிருக்கும் பிசின் மணிகள் ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் வெவ்வேறு நேரம் பிடித்து வைத்து விடுவதால், அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் சூடாக்கினால் ஊதா நிறம், புரோலின் என்ற அமினோ அமிலத்துக்கு மட்டும் மஞ்சள். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அளவு. இந்த முறையை 1950-களில் வேதியியலாளர்கள் ஸ்டெயினும் மூரும் நியூயார்க்கில் உருவாக்கினார்கள்.

டாரின் என்ற சத்தின் விஷயம் வேறு. தாய்ப்பாலில் நிறைய, பசும்பாலில் மிகக் குறைவு என்பதால் பவுடரில் தனியாகச் சேர்ப்பார்கள். அது புரதச் சங்கிலியில் கோக்கப்படாமல் தனியாகவே இருப்பதால் வேகவைக்கும் வேலை இல்லை. பவுடரைக் கரைத்து, புரதத்தை நீக்கி, ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டவைத்து அளக்கலாம்.

என்னைக் கேட்டால், மிகவும் கவனிக்க வேண்டியது லைசின் என்ற அமினோ அமிலம். பாலைச் சூடாக்கி உலர்த்தும்போது பால்சர்க்கரை லைசினைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடிபட்ட லைசின் குழந்தையின் உடலுக்கு உதவாது. ஆனால் ஆய்வகத்தின் அமிலச் சூடு அதில் ஒரு பகுதியை விடுவித்துவிடும், அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அறிக்கை உண்மையைவிட நன்றாகத் தெரியும். நல்ல ஆய்வகங்கள் அதே கொதிப்பில் உருவாகும் ஃபியூரோசின் என்ற பொருளையும் அளந்து, வீணான லைசின் எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழித்துவிடுகின்றன.