ஏரி மேலிருந்து கருப்பாகத் தெரியும்

செயற்கைக்கோள் படத்தில் ஏரியைத் தேடுபவர்கள் முதலில் நீல நிறத்தைத் தேடுவார்கள். அது ஏமாற்றிவிடும். வண்டல் கலந்த தண்ணீர் பழுப்பாக இருக்கும், பாசி படர்ந்தால் பச்சை. தண்ணீரைக் காட்டிக்கொடுப்பது நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி. செடிகொடிகள் அதை நிறையவே திருப்பி அனுப்பும், மண்ணும் ஓரளவு அனுப்பும். தெளிந்த தண்ணீர் கிட்டத்தட்ட முழுசாக விழுங்கிவிடும்.

1996-இல் மெக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் இதை ஒரு சின்னக் கணக்காக்கினார். பச்சை ஒளியின் அளவிலிருந்து அண்மை அகச்சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு படப்புள்ளி பச்சையில் 8 சதவீதம், அகச்சிவப்பில் 2 சதவீதம் எதிரொளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6-ஐ 10-ஆல் வகுத்தால் 0.6. தண்ணீர்! பக்கத்துப் புள்ளியில் 8, 40 என்று இருந்தால் விடை மைனஸ் 0.67. அது செடி.

கரையோரத்தில்தான் தகராறு. சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் 30 மீட்டர். பாதி சேறும் பாதி தண்ணீருமான புள்ளியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆகாயத்தாமரை மூடிய ஏரியோ மொத்தமாகவே செடி என்று பதிவாகிவிடும்.

சரி, மேகம் மறைத்தால்? அப்போது ரேடார் கைகொடுக்கும். சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் சாய்வாக அனுப்பும் ரேடியோ அலை, அசையாத நீர்ப்பரப்பில் பட்டு, கண்ணாடியில் பட்டதுபோல வேறு பக்கம் போய்விடும். ஒன்றும் திரும்பி வராததால் ஏரி கருப்பாகத் தெரியும். பலமான காற்று அடித்து அலை எழும்பினால் இந்தத் தந்திரமும் குழம்பும்.

இவ்வளவும் பரப்பைத்தான் சொல்லும். எவ்வளவு தண்ணீர் என்பது வேறு கேள்வி. தட்டு மாதிரியான ஏரியில் ஓரடி இறங்கினாலே கரை வெகுதூரம் பின்வாங்கும், செங்குத்தான பள்ளத்தாக்கில் கட்டிய அணையில் பத்தடி இறங்கினாலும் மேலிருந்து பார்க்கப் பெரிதாகத் தெரியாது. அதனால் நீர்மட்ட உயரத்தையும் அளக்க வேண்டும். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள் பரப்பு, உயரம் இரண்டையும் ஒரே கடப்பில் பதிவு செய்கிறது. இரண்டும் கிடைத்தால் கொள்ளளவு எவ்வளவு கூடியது, குறைந்தது என்று கணக்கிடலாம். ஆனால் இதுவரை பார்த்ததிலேயே தாழ்ந்த நீர்மட்டத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது மறைந்தே இருக்கும். ஏரி வறண்டு தரை தட்டும் வருடம்தான், வேடிக்கையாக, அதன் அடித்தளத்தை அளக்கத் தோதான வருடம்.