பட்டினி கிடக்கும் வவ்வாலுக்கு ஒரு வாய் ரத்தம்

ரத்தம் குடிக்கும் வவ்வால் என்றதும் சினிமாப் பேய்தான் நினைவுக்கு வரும். நிஜத்தில் அது 25 முதல் 40 கிராம் எடையுள்ள சின்னப் பிராணி. மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை வாழ்கிறது. நம் ஊர் மரங்களில் தொங்குகிற பழந்தின்னிகளுக்கும் இந்த வழக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

இரவில் மாட்டுக்குப் பக்கத்தில் தரையிறங்கி, நாலு காலில் நடந்தே நெருங்கும். தோலுக்கடியில் சூடான ரத்தம் எங்கே ஓடுகிறது என்று அதன் மூக்கே கண்டுபிடித்துவிடும். முன்பல்லால் சின்னதாக ஒரு கீறல். ரத்தம் உறையாமலிருக்க எச்சிலிலேயே மருந்து உண்டு. உறிஞ்சாது, நக்கித்தான் குடிக்கும். ஒரே வேளையில் தன் எடையில் பாதி அளவுக்குக்கூடக் குடிப்பதால், குடிக்கும்போதே சிறுநீராகத் தண்ணீரை வெளியேற்றத் தொடங்கிவிடும். இல்லாவிட்டால் எழும்பிப் பறப்பது கஷ்டம்.

சரி, இவ்வளவு வசதி இருந்தும் என்ன சிக்கல்? ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர், மீதியில் பெரும்பகுதி புரதம். கொழுப்பும் மாவுச்சத்தும் மிகக் குறைவு. அதனால் உடம்பில் சேமிப்பு என்று எதுவும் தேறாது. இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து வெறும் வயிறு என்றால் உயிர் போய்விடும். மாடும் சும்மா இருக்காது. வாலை வீசும், உடம்பை உதறும். அனுபவமில்லாத இளம் வவ்வால்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு இரவு பசியோடுதான் திரும்புகின்றன.

கோஸ்டாரிகாவில் மரப்பொந்துகளைக் கவனித்த உயிரியலாளர் ஜெரால்ட் வில்கின்சன், இவை தப்பிக்கும் விதத்தை 1984இல் வெளியிட்டார். பசித்த வவ்வால் பக்கத்தில் தொங்குவதை நெருங்கி அதன் உடம்பைக் கோதிவிடும், வாயை நக்கும். குடித்துவிட்டு வந்தது கொஞ்சம் ரத்தத்தைக் கக்கிக் கொடுக்கும். பெரும்பாலும் இது தாய் குட்டிக்குக் கொடுப்பதுதான். ஆனால் சொந்தமே இல்லாத பெண் வவ்வால்களும் ஒன்றுக்கொன்று கொடுத்தன.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வயிறு நிறைந்ததற்கு அந்தக் கொஞ்சம் ரத்தம் போனால் சில மணி நேரத் தாக்குப்பிடிப்புதான் குறையும். சாகக் கிடப்பதற்கோ அதே அளவு அதைவிட அதிக நேரத்தை வாங்கித் தரும், அடுத்த இரவு இரை தேடிப் போக அது போதும். இது நம்மூர்க் கைமாற்று மாதிரி: வட்டி கிடையாது, இன்று எனக்கு நாளை உனக்கு.

வாங்கிக்கொண்டு ஏமாற்றினால்? உறவுக்காகத்தான் கொடுக்கிறதோ, தொல்லை தாங்காமல் கொடுக்கிறதோ என்றெல்லாம் சந்தேகம் எழுந்தது. ஜெரால்ட் கார்ட்டர், வில்கின்சனோடு சேர்ந்து, கூண்டில் வளர்த்த வவ்வால்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு நாள் பட்டினி போட்டு, மறுபடி கூட்டத்தில் விட்டுப் பார்த்தார். 2013இல் வெளியான முடிவு: யார் யாருக்குக் கொடுக்கும் என்பதை உறவைவிட, முன்பு யாரிடமிருந்து வாங்கியது என்பதே அதிகம் தீர்மானித்தது. பல தடவை கொடுப்பதே தேடிப் போய்க் கொடுத்தது. தொல்லைக் கதை அதோடு அடிபட்டுப் போகிறது என்பது என் கட்சி.

எடுத்த எடுப்பில் யாருக்கும் ரத்தம் கிடைத்துவிடாது. முன்பின் தெரியாத வவ்வால்களைச் சேர்த்து வைத்தபோது, முதலில் ரோமம் கோதிவிடுவதோடு நின்றன. அதில் பெரிய நஷ்டமில்லை அல்லவா? கோதல் கூடிக்கூடி, அப்புறம்தான் சில ஜோடிகள் ரத்தம் பகிரும் அளவுக்குப் போயின. சொந்தக்காரர் மட்டும் போதும் என்று இருக்காமல் வெளியிலும் நட்பு வைத்திருந்த பெண் வவ்வால்கள், வழக்கமாகக் கொடுக்கும் சொந்தக்காரி இல்லாத நாளிலும் அவ்வளவாகத் தவித்துப்போகவில்லை.

கூண்டில் வேறு வழியில்லாமல் பழகியிருக்கலாமே என்று கேட்கலாம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அடைத்து வைத்திருந்தவற்றின் முதுகில் சிறு உணரிகளை ஒட்டி, பனாமாவில் அவற்றின் பழைய மரத்திலேயே விட்டார்கள். பழகிய கூட்டம் சுற்றிலும் இருந்தும், கூண்டில் ஒன்றுக்கொன்று கோதி, ரத்தம் பகிர்ந்த ஜோடிகளில் பல வெளியிலும் ஒன்றையொன்று தேடிப் பக்கத்தில் தொங்கின. சில ஜோடிகள் மட்டும் பிரிந்து போயின.