கிரிட்டிகல் திங்கிங்: ‘விமர்சன சிந்தனை’ ஏன் தவறு

போன மாதம் மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பெற்றோர் கூட்டம். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் ‘மாணவர்களிடம் விமர்சன சிந்தனையை வளர்ப்போம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த அக்கா மீன் விற்கிறவர். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏந்தம்பி, அடுத்தவுகளக் குறை சொல்லவா எம்புள்ளைக்குச் சொல்லிக்குடுக்கப் போறாக?”

அவர் புரிந்துகொண்டதில் தவறே இல்லை. ‘கிரிட்டிகல் திங்கிங்’ என்ற ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பாக வந்த அந்தத் தொடர் தமிழில் அதைத்தான் சொல்கிறது. பயிற்சிக் கையேடுகளிலும் கல்விக் கட்டுரைகளிலும் எத்தனையோ முறை பார்த்துக் கடந்திருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை.

கிரேக்கத்தில் ‘கிரினெய்ன்’ என்றால் பிரித்தெடுத்தல், தீர்மானித்தல். அதிலிருந்து ‘கிரிட்டிகோஸ்’, பிரித்தறிய வல்லவர். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘கிரிட்டிகல்’ ஆனது. ‘கிரைசிஸ்’ என்பதும் அதே வேர்தான். அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1910-ல் கிரிட்டிகல் திங்கிங்கின் சாரத்தை ஒரே வரியில் சொன்னார்: முடிவை நிறுத்திவைப்பது. விவரம் விசாரித்து முடியும்வரை தீர்ப்பு சொல்லாமல் இருப்பது.

இப்போது விமர்சனத்துக்கு வருவோம். வடமொழியில் ‘விமர்சம்’ என்பதற்கு ஆராய்தல் என்ற பொருள் உண்டு, அதை மறுக்கவில்லை. இந்தத் தொடரை ஆதரிக்கிற நண்பர்கள் எல்லாரும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் ஒரு சொல் வேரில் வாழ்வதில்லை, வழக்கில் வாழ்கிறது. நமக்கு விமர்சனம் என்றால் பட விமர்சனம். ‘அமைச்சர் கடும் விமர்சனத்துக்கு உள்ளானார்’ என்று படித்தால் அவரை யாரோ ஆராய்ந்தார்கள் என்றா எடுத்துக்கொள்கிறோம்? விமர்சனம் தீர்ப்பு சொல்கிறது. கிரிட்டிகல் திங்கிங் தீர்ப்பைத் தள்ளிவைக்கிறது. நேர் எதிரான பொருளை ஊட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் எந்தத் திறனை எதிர்பார்க்கிறோம்? ‘விமர்சனச் சிந்தனை’ என்று வரவேண்டிய ஒற்றைக்கூடப் போடுவதில்லை.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல்; தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். ஒருநாள் விடியக்காலையில் வடகடல் உள்வாங்கி, கரையோரப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு: சுனாமி வரப்போகிறது, ஓடுங்கள். 2004 டிசம்பர் 26-ஐ மறக்காத ஊர். அழுகை, கூச்சல். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் முதலில் பிள்ளைகளை மேட்டுக்கு அனுப்பச் சொன்னார். அப்புறம் கேட்டார்: “இதப் பேசுனது யாரு? எங்கிட்டு நிலம் நடுங்குச்சாம்? தென்கடல்ல தண்ணி எப்படிக் கெடக்கு?” ஒருவர் தென்கடல் கரையில் இருக்கும் பாம்பன் தெற்குவாடிக்கு போன் போட்டார். அங்கே தண்ணீர் வழக்கம்போல இருந்தது. இன்னொரு பையன் ஹைதராபாத்தில் இருக்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தின் அறிவிப்பைத் தேடிப் பார்த்தான். எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் காற்றும் வற்றமும், அதாவது கடல் இறக்கமும், சேர்ந்தால் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கும் என்பது பெரியவருக்குத் தெரியும். தெரிந்தும் விசாரித்து முடிக்கும்வரை ‘ஒன்றுமில்லை’ என்று அவர் சொல்லவில்லை. மத்தியானம் கடல் திரும்பி வந்தது. அவர் செய்ததற்குப் பெயர் விமர்சனமா?

‘திறனாய்வுச் சிந்தனை’ கொஞ்சம் தேவலை. ஆனால் திறனாய்வு இலக்கியத்தோடு ஒட்டிப்போன சொல். ‘பகுத்தறிவு’ வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கம், பகுத்தலும் பிரித்தல்தானே. எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் சுயமரியாதை இயக்கம் அதைத் தன் கொடியாக ஏந்தியபின் அதன் பொருள் குறுகிவிட்டது. ராமேஸ்வரம் கோயிலும் ஏர்வாடி தர்காவும் இருக்கும் இந்தக் கரையில் பகுத்தறிவு என்றால் ‘சாமி உண்டா இல்லையா’ என்ற பேச்சாகத்தான் காதில் விழும். வந்த செய்தியைச் சோதிக்கிற பழக்கம் அதில் மறைந்துபோகிறது.

நமக்கு வேண்டிய சொல் குறளிலேயே இருக்கிறது. 51-ஆம் அதிகாரத்தின் பெயர் ‘தெரிந்து தெளிதல்’, அதாவது ஆராய்ந்து நம்புதல். வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றியது. ‘தேறற்க யாரையும் தேராது’ என்கிறார் வள்ளுவர், ஆராயாமல் யாரையும் நம்பாதே. அதோடு நிற்கவில்லை, ‘தேர்ந்தபின் தேறுக’ என்றும் சொல்கிறார். வெறும் சந்தேகம் போதாது. ஆராய்ந்தபின் நம்பவும் வேண்டும். விமர்சனத்தில் இந்த இரண்டாம் பாதியே கிடையாது. இன்று ‘தெரிந்து’ என்றால் அறிந்து என்று மட்டும் ஆகிவிட்டது, ‘தேர்தல்’ வாக்குச்சாவடிக்குப் போய்விட்டது. அதனால் நான் ‘தேர்ந்து தெளிதல்’ என்கிறேன். ‘தேர்ந்து தெளியும் திறன்’ என்று பாடநூலில் தாராளமாக எழுதலாம்.

அந்த அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். வலையைக் கொட்டியதும் நண்டு ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை, மிச்சம் சங்காயம் என்று பிரிக்கிறீர்களே, செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே மீனை வாங்குகிறீர்கள், அதைக் காதில் விழும் பேச்சுக்கும் செய்யச் சொல்லிக்கொடுப்பார்கள் என்றேன். “அதத்தான தெனமும் செய்யிறோம்” என்றார்.

மொழிபெயர்க்கிறவர்களிடம் ஒரு கேள்வி. மருத்துவமனையில் ஒருவர் ‘கிரிட்டிகல்’ என்றால் நம் செய்தித்தாள்கள் ‘விமர்சன நிலை’ என்றா எழுதுகின்றன? ‘கவலைக்கிடம்’ என்று எழுதுகின்றன. யாரோ ஒருவர் அகராதியை மூடிவைத்துவிட்டு, நம் ஊரில் இதை எப்படிச் சொல்வோம் என்று யோசித்திருக்கிறார். நோயாளிக்குக் கொடுத்த அந்த அக்கறையைப் பள்ளிப் பிள்ளைக்கும் கொடுங்கள்.