கோஸி மிஸ்டரி: தமிழில் எப்படிச் சொல்வது?

கோஸி (cozy) என்பது குளிர்நாட்டுச் சொல். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரர்களின் பேச்சிலிருந்து ஆங்கில எழுத்துக்கு வந்தது. நார்வே மொழியில் இதற்கு உறவுச் சொல் உண்டு என்பார்கள். வெளியே பனி, உள்ளே கணப்பு, மடியில் போர்வை. அந்தச் சுகம்தான் கோஸி. தேநீர் ஆறிவிடாமல் தேநீர்ப் பாத்திரத்தின் மேல் கவிழ்க்கும் துணி உறைக்கும் ஆங்கிலேயர் இதே பெயரை வைத்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சொல் ஒருவகைத் துப்பறியும் நாவலுக்குப் பெயராயிற்று. கொலை நடக்கும், ஆனால் ரத்தம் நம் கண்முன் ஓடாது. ஆபாசம் கிடையாது. ஊர் சின்னது, யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. துப்பறிகிறவர் போலீஸ்காரர் அல்ல. பேக்கரி நடத்துபவர், நூலகர், அல்லது உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர்.

சரி, தமிழில்? 'கதகதப்பான மர்மக்கதை' என்று சிலர் எழுதிப் பார்க்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. சித்திரைக் கத்திரியில் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் நடந்தவருக்குக் கதகதப்பு எப்படிச் சுகமாகும்? நம் மொழியில் சுகம் என்றாலே குளிர்ச்சிதான். மனம் குளிர்கிறது, கண் குளிரப் பார்க்கிறோம், வயிறு குளிர்ந்து வாழ்த்துகிறார்கள். அருளுக்குக்கூடத் தண்ணளி என்றுதான் பெயர். ஆக, கோஸியைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அதன் சுகமே போய்விடுகிறது.

மிஸ்டரிக்கு நாம் வைத்திருக்கும் மர்மம் வடமொழியில் இருந்து வந்தது. உடம்பில் அடிபட்டால் உயிரே போகக்கூடிய இடம் என்பது அதன் முதற்பொருள். வைத்தியர்களும் ஆசான்களும் சொல்லும் வர்மம் இதே சொல்தான். மறைவான அந்த இடம், மறைவான செய்திக்குப் பெயராகிவிட்டது.

துப்பு நம் சொல். எத்தனை பொருள் அதற்கு! வலிமை, உணவு, பவளம். 12ஆம் குறளில் அது உணவு. "துப்புக் கெட்டவனே" என்று வீட்டில் திட்டும்போது அது திறமை. உளவு, தடயம் என்ற பொருளும் சேர்ந்துதான் துப்பறிதல், துப்புத் துலக்குதல் எல்லாம் வந்தன. ஒற்று இதற்கு மாற்றாகாது. திருக்குறளில் ஒற்றாடல் அரசனுக்குச் சொன்ன அதிகாரம். ஒற்றர் அரசின் ஆள். கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஊர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1908இல் புதுச்சேரிக்கு வந்த பாரதி 'இந்தியா' இதழை அங்கிருந்து நடத்தியபோது, பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவரைச் சுற்றியே இருந்தார்கள். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதாகி, கடலூர் சிறையில் இருந்தார். பாரதி விஷயத்தில் பத்திரிகைக்காரரை ஒற்றர்கள் பின்தொடர்ந்தார்கள். நாம் பேசும் நாவலில் பத்திரிகைக்காரரே, யார் ஏவலும் இல்லாமல், துப்பைத் தேடிப் போகிறார்.

அவருக்கு நாம் வைத்த பெயர் நிருபர். பழைய நூல்களில் நிருபர் என்றால் அரசர். அது வேறு வடசொல்லில் இருந்து வந்தது. நம்முடைய நிருபர் நிருபத்தில் இருந்து வருகிறார். நிருபம் என்றால் கடிதம். தமிழ் பைபிளில் ரோமருக்கு எழுதிய நிருபம் என்று இன்றும் வாசிக்கிறார்களே, அதே சொல். ஊரிலிருந்து கடிதம் எழுதி அனுப்புகிறவர் நிருபர். செய்தியாளர் என்பது நல்ல தமிழ், பொதுப் பெயராக அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சின்ன ஊரின் ஆளைச் சொல்ல எனக்கு நிருபர்தான் பிடிக்கிறது. அதில் ஊரும் கடிதமும் இருக்கின்றன. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவோடு நின்றவர் யார், எந்த வீட்டு வாசலில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் முதலில் ஒட்டினார்கள், தேரன்று யார் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தக் கதவையும் தட்டிக் கேள்வி கேட்க அவருக்குக் காரணம் இருக்கிறது. போலீஸ் அல்லாத ஒருவர் துப்பறியும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

இப்போது கோஸிக்கு வருகிறேன். 'இதமான மர்மக்கதை' பிழையில்லை, எல்லோருக்கும் புரியும். 'மென்மர்மம்' சுருக்கமானது, ஆனால் உயிரில்லை. நான் முன்வைப்பது திண்ணை மர்மக்கதை. புதுச்சேரி வைசியாள் வீதியில் இன்னும் நிற்கும் தமிழ் வீடுகளைப் பாருங்கள். தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதன் உள்ளே திண்ணை. வெயிலுக்கு நிழல், வழிப்போக்கருக்கும் இடம். நம் ஊரின் குளிர்ச்சி அது. திண்ணைப் பேச்சு வெட்டிப்பேச்சு ஆயிற்றே என்று கேட்கலாம். ஆனால் இந்த வகை நாவலில் துப்பு கிடைப்பதே அந்தப் பேச்சில் இருந்துதான். யார் வீட்டில் விளக்கு எரியவில்லை, எந்தக் கடைக்காரர் நேற்றுச் சீக்கிரம் கடையைச் சாத்தினார் என்று யாரோ பேச்சுவாக்கில் சொல்வதை நிருபர் காதில் வாங்கி வைப்பார்; நூறு பக்கம் தாண்டி அது முக்கியமாகும். புதுத் தெருக்களில் திண்ணை குறைந்துவிட்டது, உண்மை. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் வாசகருக்கு ஊரும் நிழலும் பேச்சும் ஒன்றாக வந்துவிடுகின்றன.

கடலூர் முதுநகரை வைத்து ஒரு திண்ணை மர்மக்கதை எழுதியிருக்கிறேன் என்று யாராவது சொன்னால், முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.