குப்பையிலிருந்து எரிவாயு: எந்த மானியம், யாருக்கு, எதற்காக?

சென்னையில் ஒரு வீட்டில் சேரும் காய்கறித் தோலும் மீந்த சோறும் மாநகராட்சியின் பேட்டரி வண்டியில் ஏறும்போது வெறும் மக்கும் குப்பைதான். சேத்துப்பட்டில் உள்ளதைப் போன்ற, நாளொன்றுக்கு 100 டன்னைக் கையாளும் உயிரி எரிவாயு ஆலைக்குள் நுழைந்ததும், அதே குப்பை புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் மூலப்பொருளாகக் கணக்கிடப்படுகிறது. இதனால்தான் ஒன்றிய அரசின் இரு வேறு அமைச்சகங்கள் இரு வேறு நோக்கங்களுடன் இதற்கு நிதி தருகின்றன.

முதலாவது, 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்ட நகர்ப்புறத் தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம். நகரைச் சுத்தமாக்குவதே இதன் நோக்கம் என்பதால், நிதி உள்ளாட்சி அமைப்புக்கே செல்கிறது. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவான ஊர்களுக்குத் திடக்கழிவுத் திட்டச் செலவில் 50 சதவீதம் கிடைக்கும். பத்து லட்சத்தைத் தாண்டிய சென்னை போன்ற நகரங்களுக்கு 25 சதவீதம்தான்.

இரண்டாவது, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022 நவம்பர் 2 அன்று அறிவித்த தேசிய உயிரி எரிசக்தித் திட்டம். 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட இத்திட்டம் குப்பையின் எடையைப் பார்ப்பதில்லை, அதிலிருந்து கிடைக்கும் எரிவாயுவையே அளக்கிறது. நாளொன்றுக்கு 4,800 கிலோ அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு தரும் புதிய ஆலைக்கு 4 கோடி ரூபாய் என்பது வீதம். ஓர் ஆலைக்கு உச்ச வரம்பு 10 கோடி. இந்தூரில் 2022-இல் திறக்கப்பட்ட ஆலை 550 டன் குப்பையிலிருந்து 17,000 கிலோ எரிவாயு தரும்படி வடிவமைக்கப்பட்டது, அதாவது டன்னுக்கு ஏறத்தாழ 31 கிலோ. அந்தக் கணக்கைக் கொண்டு பார்த்தால், 100 டன் ஆலை ஒன்றுக்கு இந்த வீதத்தில் சுமார் இரண்டரைக் கோடி ரூபாய் வரும்.

பலரும் கவனிக்காத ஒரு விலக்கு இத்திட்டத்தில் உண்டு. நகரக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளுக்கு இந்த மானியம் கிடையாது. ஆனால் அவற்றுக்கு வேறொரு வாசல் திறந்திருக்கிறது: குப்பையிலிருந்து உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதையும், ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் விலையில், மின்பகிர்மான நிறுவனங்கள் கட்டாயம் வாங்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மின்கட்டணக் கொள்கை கூறுகிறது. முதலீட்டு மானியம் மறுக்கப்பட்ட இடத்தில் விற்பனை உத்தரவாதம் வந்து நிற்கிறது. அதன் செலவு மின்கட்டணத்தின் வழியே நுகர்வோரைச் சேர்கிறது. அதே ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளோ, மறுசுழற்சி செய்ய முடியாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரியும் அதற்கு மேலும் வெப்பத்திறன் கொண்ட கழிவையே எரிசக்திக்கு ஒதுக்கின. ஈரக் குப்பை கலந்தால் இந்த வெப்பத்திறன் இறங்கிவிடும். சென்னையின் குப்பைக் கிடங்கு உள்ள கொடுங்கையூரில் எரிஉலை அமைக்கும் திட்டத்தை எதிர்க்கும் வடசென்னை மக்கள் புகையைப் பற்றி எழுப்பும் கேள்வியோடு, எந்தக் குப்பை அதற்குள் போகும் என்ற கேள்வியும் சேர வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

எரிவாயு ஆலைக்கு மானியம் எப்படி வழங்கப்படுகிறது என்பதும் முக்கியம். 2025-இல் திருத்தப்பட்ட நெறிமுறைகளின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க அனுமதி பெற்றபின், வங்கி உத்தரவாதத்தின் பேரில் பாதித் தொகை வழங்கப்படும். மீதிப் பாதி, ஆலை தன் திறனில் 80 சதவீதத்தை எட்டியதை ஆய்வு உறுதிசெய்த பிறகே கிடைக்கும். குறைந்தால் உற்பத்திக்கு ஏற்ப மானியமும் குறையும். 50 சதவீதத்துக்கும் கீழே போனால் ஒன்றும் இல்லை. பிரிக்காத குப்பை வந்து இறங்கும் ஆலை இந்த அளவை எட்டுவது மிகக் கடினம்.

எரிவாயு எடுத்தபின் எஞ்சும் உரத்துக்கும், சாணம் உள்ளிட்ட மக்கும் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பதை ஊக்குவிக்கும் ஒன்றிய அரசின் கோபர்தன் திட்டத்தின்கீழ் வரும் ஆலைகளுக்கு, டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி 2023-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது விற்பனையாகும் உரத்துக்கு உரிய தொகை. கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் கிழிசலும் கலந்த சகதியை எந்த விவசாயியும் நிலத்தில் போட மாட்டார். அது திரும்பவும் ஒரு குப்பைக் கிடங்குக்குத்தான் லாரி ஏறும்.