வருஷம் முழுக்கத் தோற்றாலும் கெட்டிக்காரர்தான்

போக்கர் என்பது காசு வைத்து ஆடும் சீட்டாட்டம். 2003இல் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். ஜெயித்தவர் கிறிஸ் மணிமேக்கர் (Moneymaker, ‘பணம் பண்ணுகிறவர்’), நிஜப் பெயரே அதுதான். வேலை கணக்கு எழுதுவது. இணையத்தில் சொற்பக் காசு கட்டி, தகுதி ஆட்டம் ஆடி உள்ளே நுழைந்தவர் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். இவருக்கே விழுந்தால் நமக்கு விழாதா என்று கிளம்பினார்களோ என்னவோ, அடுத்த வருஷம் 2,576 பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்படியானால் இது வெறும் அதிர்ஷ்டமா? இல்லை. ஆனால் திறமை வெளியே தெரிய எடுத்துக்கொள்ளும் காலம் இருக்கிறதே, அதுதான் போக்கர் போட்டி ஆடிப் பிழைக்கும் இந்தத் தொழிலின் வினோதம்.

ஆயிரம் பேர் ஆடும் போட்டியில் சராசரி ஆட்டக்காரர் முதலிடம் பிடிக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. நம்மாள் அவரைவிட இரண்டு மடங்கு கெட்டிக்காரர், ஆயிரத்தில் இரண்டு என்று வையுங்கள். வருஷத்துக்கு இப்படி 200 போட்டி ஆடினால், ஒன்றில்கூட ஜெயிக்காமல் போக 67 சதவீத வாய்ப்பு இருக்கிறது. சரி, ஐந்து வருஷம் ஆடட்டும். அப்போதும் ஏழு பேரில் ஒருவருக்கு ஒரு முதலிடம்கூட இருக்காது, அத்தனை பேரும் இதே திறமைக்காரர்களாக இருந்தாலும். நடுவில் சின்னச் சின்னப் பரிசுகள் வரும்தான், ஆனால் பெரும்பணம் உச்சியில்தானே குவிந்திருக்கிறது.

ஒரே ஆட்டத்துக்குள் பார்த்தாலும் இதே கதை. கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா. பந்தயம் கட்டும் வில்லைகளான சிப்புகள் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினால் ஏஸ்காரர் ஜெயிக்க வாய்ப்பு சுமார் 82 சதவீதம். இதைவிட நல்ல நிலைமை அபூர்வம். ஆனால் இப்படி 80 சதவீத வாய்ப்போடு ஐந்து முறை இறங்கி ஐந்திலும் தப்பிக்க 33 சதவீதம்தான் வாய்ப்பு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது சிப்புக்கும் காசுக்கும் உள்ள உறவு. கடைசியில் மூன்று பேர் மிச்சம், முதல் மூன்று இடங்களுக்குப் பரிசு 50, 30, 20 என்று வையுங்கள். பெரியவரிடம் பாதிச் சிப், உங்களிடம் கால், மற்றவரிடம் கால். மூவரும் சம திறமை என்று கணக்குப் போட்டால் உங்கள் சிப்பின் மதிப்பு 30.8. பெரியவர் ஆல் இன் போகிறார், அதாவது தன் சிப் முழுவதையும் பணயம் வைக்கிறார். நீங்களும் இறங்கி ஜெயித்தால் சிப் இரட்டிக்கும், மதிப்போ 38.3தான் ஆகும். தோற்றால் மூன்றாமிடம், 20. அதாவது 7.5 கிடைப்பதற்காக 10.8 பணயம். ஜெயிக்கும் வாய்ப்பு 59 சதவீதத்தைத் தாண்டினால்தான் கட்டுப்படியாகும். பார்ப்பவர்கள் பயந்தாங்கொள்ளி என்பார்கள், கெட்டிக்காரரோ இறங்காமல் சீட்டைக் கீழே போட்டுவிடுவார்.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க நூற்றுக்கணக்கான நுழைவுக் கட்டணங்களுக்கான பணம் தனியாக இருக்க வேண்டும். அவ்வளவு யாரிடம் இருக்கிறது? அதனால் பலரும் தங்கள் ஆட்டத்தையே கூறுபோட்டு விற்கிறார்கள். கட்டணத்தில் பாதி கொடுப்பவருக்குப் பரிசிலும் பாதி. அப்புறம் நண்பர்களுக்குள் ஆளுக்கு ஐந்து, பத்து சதவீதம் மாற்றிக்கொள்வதும் உண்டு. ஜெயித்தவருக்குத் தரும் தங்கக் காப்பும் கட்டுக்கட்டாகப் பணமுமாகப் படத்தில் சிரிக்கிறவருக்கு அதில் எவ்வளவு சேரும் என்பது அவருக்கும் பங்காளிகளுக்கும்தான் தெரியும்.